ஷிஃப்ட் வேலையும் வேத வாசிப்பும்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து பைபிளைத் திறந்தால் கண் சொக்குகிறது. பழைய தமிழும் பிடிபடவில்லை. ஜெபமும் வாசிப்பும் நின்றே போய்விடுமோ?
– ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

முதலில் தூங்குங்கள் தம்பி. தூக்கமும் கடவுள் தரும் கொடை என்றுதான் 127-ஆம் சங்கீதம் சொல்கிறது. வாசிப்பை, வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். 120 முதல் 134 வரை உள்ள 15 ஆரோகண சங்கீதங்கள், எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் வழியில் பாடியவை என்பார்கள். 132-ஐத் தவிர எல்லாமே பத்து வசனத்துக்குள் அடங்கும். பஸ் ஒரகடம் சேர்வதற்குள் ஒன்றை இரண்டு முறை படித்துவிடலாம். 134-இலிருந்து தொடங்குங்கள். இரவில் ஆலயத்தில் நின்று பணிசெய்கிறவர்களைப் பார்த்துப் பாடியது அது. மூன்றே வசனம். நைட் ஷிஃப்ட்காரருக்கு இதைவிட நெருக்கமான பாட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜெபத்துக்குத் தனியாகச் சொல் தேட வேண்டாம். படித்ததையே உங்கள் பேச்சில் கடவுளிடம் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவையும் பக்கத்து மெஷினில் நிற்பவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் பிடிபடாவிட்டால் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை எடுங்கள், இக்காலத் தமிழ். அதில் சங்கீதங்களுக்கு 'திருப்பாடல்கள்' என்று பெயர், அந்தப் பகுதியைப் பாருங்கள். 134 அங்கேயும் 134தான்.