கண்ணும் கையும்

ஓவியத்திற்குரிய அழகு மலையிலும் அருவியிலும் பூஞ்சோலையிலுமே உண்டு என்று பலர் கருதுவர். புகையும் இரைச்சலும் மிக்க நகரத்தில் ஓவியன் எதனைக் கண்டு எழுதுவான் என்றும் வினவுவர். காணும் பழக்கம் உடையார்க்கு நகரத்தின் ஒவ்வொரு தெருவும் ஓர் ஓவியச்சாலையே ஆகும். அப்பழக்கம் ஒரு நாளில் வந்து வாய்ப்பதன்று. நாள்தோறும் கண்ணும் கையும் ஒன்றுபட்டு உழைப்பதனால் வருவது.

சென்னைக்கு மேற்கே, திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அண்ணனூர் இரயில் நிலையம் உள்ளது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை சென்ற வழி இது. இந்நிலையத்தின் மேடையில் நின்று தண்டவாளங்களை நோக்குவோமாயின், ஓவியக் கலையின் முதற்பாடத்தை அங்கேயே கற்கலாம். இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலம் 1,676 மில்லிமீட்டர். அருகிலும் தொலைவிலும் அதுவே அளவு. ஆயினும், தொலைவில் அவை நெருங்கி நெருங்கி ஒரு புள்ளியில் கூடுவனபோலத் தோன்றும். மின்கம்பங்களும் வரவரச் சிறுத்து அப்புள்ளியை நோக்கியே செல்லும். ஓவியர் அதனை மறையும் புள்ளி என்பர். அது நம் கண்மட்டத்தில் அமைவது. நாம் அமர்ந்தால் அக்கண்மட்டம் தாழும். உயரமான இடத்தில் ஏறினால் உயரும்.

தண்டவாளங்கள் கூடுவதில்லை என்று அறிவு கூறும். கூடுகின்றன என்று கண் கூறும். வரையத் தொடங்குவோர் பெரும்பாலும் அறிவு கூறுவதையே வரைந்துவிடுவர். அதனால் படம் உயிரற்றுப் போகும். தான் அறிந்ததை ஒருபுறம் வைத்து, தன் கண் கண்டதை உள்ளவாறு தாளில் இடுதலே ஓவியனுடைய நாட்பயிற்சி.

அண்ணனூரில் ஏறும் மின்தொடர் வண்டி நம்மைச் சென்னை சென்ட்ரல் பகுதிக்குக் கொண்டு சேர்க்கும். அதற்குச் சிறிது தொலைவில், 1850 ஆம் ஆண்டில் டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் தோற்றுவித்த கலைப்பள்ளி உள்ளது. அது இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. 1929 முதல் 1957 வரை அதன் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியமும் சிற்பமும் வல்லவர். பெரும்பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நான்கு உழைப்பாளரை அவர் வெண்கலத்தில் வடித்தார். 1959 ஆம் ஆண்டில் மெரினா கடற்கரையில் நிறுவப்பெற்ற அவ்வுழைப்பாளர் சிலையில் அரசரும் இல்லை, வீரரும் இல்லை. உழைக்கும் மாந்தருடைய முறுகிய தசைகளில் கலைஞரின் கண் அழகைக் கண்டது.

கலைப்பள்ளியில் முறையாகப் பயிலாமலே, இடைவிடாத பயிற்சியால் ஓவியரானோரும் உளர். அவருள் ஒருவர் மனோகர் தேவதாஸ். இவர் 1936 ஆம் ஆண்டில் மதுரையில் பிறந்தார். வேதியியல் கற்று, சென்னையில் மின்கலம் செய்யும் தொழிற்சாலையொன்றில் பணியாற்றினார். பணி நேரம் போக எஞ்சிய பொழுதில், மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும், சென்னையின் பழைய கட்டடங்களையும் பேனாவும் கருமையும் கொண்டு எழுதினார்.

மையினால் எழுதுதல் எளிதன்று. பென்சிற் கோட்டை அழித்துவிடலாம். மைக்கோட்டை அவ்வாறு அழிக்க இயலாது. வண்ணமும் இல்லை. கோடுகளை நெருக்கி இட்டால் அது நிழல். விலக்கி இட்டால் மெல்லொளி. ஒன்றும் இடாமல் தாளின் வெண்மையை விட்டுவைத்தால் அதுவே வெயில். இவ்வாறு எண்ணற்ற நுண்கோடுகளால் ஒரு படம் நிறைவெய்தும்.

இத்தகைய நுண்பணிக்குக் கண்ணன்றோ முதல்? அக்கண்ணையே நோய் பற்றியது. முப்பது வயதைக் கடந்த பின்னர், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் தமக்கு உள்ளதை அவர் அறிந்தார். அந்நோயில் முதலில் இரவுப் பார்வை குன்றும். பின்னர்ப் பார்வையின் எல்லை சுருங்கி, குழாயினூடே நோக்குவது போலாகும். முழுக் கோபுரத்தையும் ஒரே நோக்கில் காண இயலாது. பகுதி பகுதியாகக் கண்டு உள்ளத்தில் இணைத்துக்கொள்ள வேண்டும். 1972 ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய மனைவி மகிமா தோள்களுக்குக் கீழே உடலியக்கம் இழந்தார். அவ்வம்மையார் 2008 ஆம் ஆண்டில் மறையும்வரை அவரைப் பேணுதலும் மனோகரின் அன்றாடக் கடமையாயிற்று.

இத்துணை இடர்களுக்கு இடையிலும் அவர் பேனாவைக் கீழே வைத்தாரில்லை. தடித்த கண்ணாடியும் மிகுந்த ஒளியும் துணையாகக் கொண்டு எழுதினார். அப்படங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சாயின. மகிமா அவற்றிற்கு விளக்கம் எழுதினார். கிடைத்த பணம் அறப்பணிகளுக்குச் சென்றது. மனோகருக்கு 2020 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. 2022 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கண்ணொளி குன்றியவர் கண்டு எழுதியவற்றை, நல்ல கண்ணுடைய நாம் காணாமலே கடந்து செல்கின்றோம். காலை வெயிலில் நீளும் கம்பத்தின் நிழல், கீரைக்கூடையைத் தலையில் தாங்கி நிற்கும் மூதாட்டி, மழைநீர் தேங்கிய தெருவில் தலைகீழாய்த் தோன்றும் வீடு ஆகிய யாவும் நாள்தோறும் நம் முன் விரிந்து கிடக்கும் ஓவியங்களே. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் நின்று நோக்கி, கண்டதைத் தாளில் இடுவோமாயின், கை தேறும். கையினும் முன்னதாகக் கண் தேறும்.

பயிற்சி

1. மறையும் புள்ளி என்பது யாது? அது எப்பொழுது தாழும், எப்பொழுது உயரும்?
2. உழைப்பாளர் சிலையின் சிறப்பினை எடுத்துரைக்க.
3. வண்ணமின்றி வெயிலையும் நிழலையும் ஓவியர் எவ்வாறு காட்டுவர்?
4. மனோகர் தேவதாஸ் வாழ்வினின்று நீவிர் அறிவன யாவை?
5. உம் ஊர்த் தெருவொன்றில் கால் மணி நேரம் நின்று, கண்டதை வரைந்து, அதனைப் பத்து வரிகளில் விளக்குக.