தேநீர்க் கடையும் இருபத்தாறு நாடுகளும்

நுழையும் முன்

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்வோர் பலர். கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அவ்வாறு வந்தவையே. உலகைக் காண்பதற்காகவே உழைத்துப் பொருள் சேர்த்த ஓர் இணையரைப் பற்றி இப்பாடம் கூறுகிறது.

வந்தோரின் ஊர்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் கொச்சங்காடி என்னும் இடம் உள்ளது. அங்கு 1344ஆம் ஆண்டில் யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினர். அக்கட்டடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. யூதர், குசராத்தியர், கொங்கணியர், தமிழர் எனப் பலரும் இப்பகுதியில் வந்து குடியேறினர். வணிகத்தையும் தொழிலையும் நாடி வந்தோரால் வளர்ந்த நகரம் கொச்சி. அந்நகரிலிருந்து, வணிகமோ வேலையோ கருதாமல், காணும் ஆவல் ஒன்றினாலேயே கடல் கடந்தவர்கள் விஜயனும் அவர் மனைவி மோகனாவும் ஆவர்.

சிறிய கடை

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளம். அங்கே கடவந்திராவை அடுத்த காந்தி நகரில் இவ்விணையர் நடத்திய கடையின் பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். தேநீரும் சிற்றுண்டியும் விற்கும் சிறிய கடை அது. வேலைக்கு ஆள் அமர்த்தாமல் சமைத்தல், பரிமாறுதல், பாத்திரம் துலக்குதல் ஆகிய அனைத்தையும் இருவருமே செய்தனர். ஆளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி பயணத்துக்கான சேமிப்பாக மாறியது.

நாள்தோறும் 300 ரூபாயைப் பயணத்துக்கென அவர்கள் எடுத்து வைத்தனர். ஒரு நாள் கணக்கில் அது சிறு தொகையே. ஓராண்டு தவறாமல் சேர்த்தால் 1,09,500 ரூபாய் ஆகும். அதுவும் போதாதபோது வங்கியில் கடன் பெற்றனர். பயணம் முடிந்து திரும்பியதும் மீண்டும் அடுப்பை மூட்டினர். அடுத்த சில ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தனர். அது தீர்ந்தபின் அடுத்த நாட்டுக்குத் திட்டமிட்டனர்.

கடன் வாங்கி ஊர் சுற்றுவது அறிவுடைமையா என்று கேட்போர் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இவர்கள் பிறர் பொருளை நம்பிக் கடன் வாங்கவில்லை. தம் கைகளின் உழைப்பை நம்பி வாங்கினர். வாங்கியதைத் திருப்பிச் செலுத்திய பின்னரே மீண்டும் வாங்கினர். பொருள் தேடுவதற்காகக் கடல் கடந்தோரை நாம் அறிவோம். இவர்கள் கடல் கடப்பதற்காகப் பொருள் தேடினர்.

இவர்களின் வெளிநாட்டுப் பயணம் 2007இல் தொடங்கியது. எகிப்து, பிரான்சு, பிரேசில், பெரு, அர்செந்தீனா, அமெரிக்கா எனப் பட்டியல் நீண்டது. கடைச் சுவரில் பயண ஒளிப்படங்கள் நிறைந்தன. ஹரி எம். மோகனன் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ‘கண்ணுக்குத் தெரியாத சிறகுகள்’ என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். 2019இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவின் உதவியால் ஆசுத்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றனர்.

தீவுகளும் உயிரினங்களும்

நியூசிலாந்து ஒரு தீவு நாடு. வௌவால்களைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டிகள் எவையும் அங்கு இயற்கையாகத் தோன்றவில்லை. வேட்டையாடும் விலங்குகள் இல்லாமையால் பறவைகள் சில பறத்தலையே கைவிட்டன. கிவி இரவில் நடந்து திரிந்து, அலகின் நுனியில் உள்ள நாசித் துளைகளால் மோப்பம் பிடித்து மண்புழுவைத் தேடும். காகாப்போ உலகில் பறக்க இயலாத ஒரே கிளி. மனிதர் கப்பல்களில் கொண்டு சென்ற எலி, பூனை, கீரியை ஒத்த சிறு விலங்குகள் ஆகியவை இப்பறவைகளை வேட்டையாடின. தப்ப அறியாத பறவைகள் அழிவை நெருங்கின. இன்று அவற்றுள் பலவற்றை, அத்தகைய விலங்குகள் இல்லாத சிறு தீவுகளில் வைத்துக் காக்கின்றனர்.

இதனால் அந்நாட்டு வானூர்தி நிலையத்தில் சோதனை மிகக் கடுமையானது. பழம், விதை ஆகியவற்றை மறைக்காமல் அறிவிக்க வேண்டும். காலணியில் ஒட்டிய மண்ணையும் பார்ப்பர். பையில் மறந்து வைத்த ஒரு பழத்துக்கும் தண்டம் உண்டு. விருந்தினர் அறியாமல் கொண்டு செல்லும் சிறு பொருளும் தீவின் உயிர்களுக்குத் தீங்காகலாம்.

உடலும் பயணமும்

தீவைக் காப்பது போலவே பயணி தம் உடலையும் காக்க வேண்டும். தென் அமெரிக்காவின் பல பகுதிகளில் கொசுக்களால் மஞ்சள் காய்ச்சல் பரவுகிறது. அந்நாடுகளுக்குச் செல்வோர் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். இந்தியா திரும்பும்போது அதற்கான சான்றையும் காட்ட வேண்டும். பெருவின் கூசுக்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றில் உயிர்வளி குறைவு. தலைவலியும் மூச்சுத்திணறலும் வரலாம். நெடுநேரம் வானூர்தியில் அசையாமல் அமர்ந்தால் கால்களில் குருதி உறையக்கூடும். ஆகவே இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். மருந்துகளையும் மருத்துவரின் சீட்டையும் கைப்பையிலேயே வைத்திருப்பது நன்று.

இறுதிப் பயணம்

கொரோனாப் பெருந்தொற்று உலகின் வாயில்களை அடைத்தது, பயணங்கள் நின்றன. வாயில்கள் திறந்ததும் 2021 அக்டோபரில் இருவரும் உருசியா சென்றனர். அது அவர்கள் கண்ட 26ஆவது நாடு. திரும்பிய சில வாரங்களில், நவம்பர் 19 அன்று, விஜயன் மாரடைப்பால் காலமானார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

வசதி வரட்டும், வயது வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்த நாடுகளுள் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். மனைவியை வீட்டில் விட்டுத் தனியே போகவும் இல்லை. அடுப்பின் வெம்மையைப் பகிர்ந்த இருவரும் அயல்நாட்டுப் பனியையும் சேர்ந்தே கண்டனர்.

சொற்பொருள்

இணையர் – கணவனும் மனைவியும்
காயல் – கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு
தண்டம் – குற்றத்துக்கு விதிக்கும் தொகை
உயிர்வளி – மூச்சுக்கு வேண்டிய காற்று

பயிற்சி

1. வேலைக்கு ஆள் அமர்த்தாமையால் இவ்விணையர் அடைந்த பயன் யாது?
2. நியூசிலாந்துப் பறவைகள் சில பறத்தலைக் கைவிட்டது ஏன்?
3. நாள்தோறும் 20 ரூபாய் சேமித்தால் ஓராண்டில் எவ்வளவு சேரும்? அதைக் கொண்டு எங்குச் செல்வீர்கள்?
4. கடன் பெற்றுப் பயணம் செய்தது சரியா? இரு பக்கக் கருத்துகளையும் எழுதுக.
5. உங்கள் குடும்பம் சொந்த ஊரை விட்டு வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.