சாம்பல் காத்த நகரில் ஒரு நாள்

நுழையும்முன்

ஊரைக் காண்பது வேறு. ஊரைப் படிப்பது வேறு. தொன்னகர் ஒன்றின் இடிபாடுகளுக்கு முன்னேற்பாடின்றிச் செல்வோர்க்கு அங்குள்ள சுவர்கள் வெறும் சுவர்களாகவே தோன்றும். அறிந்து செல்வோர்க்கோ அவற்றின் பின்னே கடைத்தெருவும் அடுக்களையும் மனிதக் குரல்களும் புலப்படும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து பொம்பெயி இடிபாடுகளுக்கு ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது. அந்நகரின் வாழ்வும் அழிவும், அதனைக் காக்கும் பொறுப்பும் இதில் இடம்பெறுகின்றன.

நகரின் கதை

நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டி வெசுவியஸ் எரிமலை நிற்கிறது. அதன் தென்கிழக்கே அமைந்திருந்த உரோமானிய நகரம் பொம்பெயி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. திராட்சைத் தோட்டங்களாலும் வணிகத்தாலும் அந்நகரம் செழித்திருந்தது. பொ.ஆ. 79இல் எரிமலை வெடித்தது. நுரைக்கற்களும் சாம்பலும் பல மணி நேரம் மழைபோல் பொழிந்தன. பின்னர், கடும் வெப்பமுடைய வளிமமும் சாம்பலும் கலந்த பெருவெள்ளம் மலைச்சரிவில் இறங்கி நகரை மூடியது. பல மீட்டர் உயரத்திற்குப் படிந்த அப்படிவின் அடியில் தெருக்களும் வீடுகளும் மறைந்தன.

இந்நிகழ்வைத் தொலைவிலிருந்து கண்டவர்களுள் ஒருவர் இளைய பிளினி. வளைகுடாவின் மறுகரையில் மிசேனம் என்னும் ஊரில் இருந்த அவருக்கு அப்போது வயது 17. கடற்படைத் தலைவராக இருந்த அவருடைய தாய்மாமன் மூத்த பிளினி, மக்களை மீட்கக் கப்பல்களைச் செலுத்திச் சென்றார், திரும்பவில்லை. ஆண்டுகள் பல கடந்தபின், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தாம் அறிந்தவற்றை இளைய பிளினி மடல்களாக எழுதினார். இன்றும் எரிமலை ஆய்வாளர்கள் அம்மடல்களைச் சான்றாகக் கொள்கின்றனர்.

பொம்பெயியில் அகழாய்வு 1748இல் தொடங்கியது. நகரம் அழிந்தது ஆகஸ்டு 24 என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் மாதத்து நாளைக் குறிக்கும் கரியெழுத்து கண்டெடுக்கப்பட்டது. அதன்பின், அழிவு இலையுதிர்காலத்தில் நிகழ்ந்திருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது.

திட்டத்தின் முதற்படி

பயணத்திட்டம் என்றதும் வண்டி நேரமும் செலவுக் கணக்குமே பலர் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் முன்னே வரவேண்டியது ஒரு கேள்வி. பொம்பெயியின் பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு அகழப்பட்டுள்ளது. அத்தனையையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க எவராலும் இயலாது. எனவே, ‘அங்கு என்னென்ன உள்ளன?’ என்று பட்டியலிடுவதைவிட, ‘அங்கு எதை அறிய விரும்புகிறோம்?’ என்று வினவுவதே பயன்தரும்.

எடுத்துக்காட்டாக, ‘இந்நகரத்து மக்கள் ஒரு நாளை எவ்வாறு கழித்தனர்?’ என்னும் கேள்வியைக் கொள்ளலாம். அவர்கள் எங்கு உண்டனர், எங்கு நீராடினர், எங்குக் கூடிப் பேசினர் என்று அக்கேள்வி விரியும். அதற்கு விடைதரும் இடங்கள் பட்டியலில் நிற்கும். ஏனையவை தாமாக விலகும்.

நாளும் பொழுதும்

அடுத்துத் தேர வேண்டியது நாள். இடிபாடுகளில் நிழல் குறைவு. சூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் ஆகிய மாதங்கள் ஏற்றவை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் அனுமதி இலவசம் என்பதால் அன்று கூட்டம் மிகும். பணத்தை மிச்சப்படுத்துவதா, அமைதியைப் பெறுவதா என்பதைப் பயணி முடிவுசெய்ய வேண்டும்.

பொம்பெயியில் கிடைத்த ஓவியங்களும் கலைப்பொருள்களும் பெரும்பாலும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அகழ்விடத்தில் நகரின் உடலையும் அருங்காட்சியகத்தில் அதன் உடைமைகளையும் காணலாம். அவ்வருங்காட்சியகத்திற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் காண விரும்புவோர் அக்கிழமையைத் தவிர்ப்பது நன்று.

2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே பொம்பெயியில் அனுமதி வழங்கப்படுகிறது. நுழைவுச்சீட்டில் பார்வையாளரின் பெயர் இடம்பெறும். ஆகவே, சீட்டை முன்கூட்டியே பெறுவதும் அடையாளச் சான்றை உடன் கொண்டுசெல்வதும் இன்றியமையாதவை. பெரிய பைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. குடிநீர்க் குப்பி, தொப்பி, கல்பாவிய தெருவில் வழுக்காத காலணி ஆகியவை போதுமானவை.

வழியும் வாயிலும்

நேப்பிள்ஸிலிருந்து பொம்பெயி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெசுவியஸ் மலையடிவார ஊர்களை இணைக்கும் ‘சர்க்கம்வெசுவியானா’ என்னும் வட்டாரத் தொடர்வண்டி, சொரெண்டோ செல்லும் தடத்தில் சுமார் 40 நிமிடத்தில் அங்குச் சேர்க்கும். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தேரி’. ‘ஸ்காவி’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு அகழாய்வுகள் என்பது பொருள். இன்றைய பொம்பெயி ஊருக்கெனத் தனி நிலையங்கள் உள்ளன. அங்கு இறங்குவோர் முதன்மை வாயிலை அடைய நெடுந்தொலைவு நடக்க நேரும்.

காலை 8 மணியளவில் புறப்பட்டால், 9 மணிக்கு வாயில் திறக்கும்போது உள்ளே செல்லலாம். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் குறைவு, வெயிலும் மென்மையானது.

நகருக்குள் ஐந்து மணி நேரம்

கடல்வாயில் எனப்படும் ‘போர்த்தா மரீனா’ வழியாக ஏறினால் சற்றுத் தொலைவில் நகர்மன்றம் தென்படும். வழக்காடுமன்றம், கோயில்கள், அங்காடி ஆகியவை சூழ அமைந்த திறந்தவெளி அது. அதன் வடக்கே, உடைந்த தூண்களுக்கு அப்பால், வெசுவியஸ் நிற்கிறது. பயணி முதலில் அங்குச் சற்று நேரம் நிற்பது நல்லது. அழித்த மலையையும் அழிந்த நகரையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் அதுவே.

தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடங்கள் கல்லில் ஆழப் பதிந்துள்ளன. தெருவில் ஓடிய நீரும் கழிவும் காலில் படாமல் கடப்பதற்காக உயர்ந்த கற்கள் இடப்பட்டுள்ளன. அக்கற்களின் இடைவெளி வண்டிச் சக்கரங்களுக்கு வழிவிடும். சுவர்களில் தேர்தல் விளம்பரங்களும், எளிய மக்கள் கீறிய கிறுக்கல்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அரசர்களின் கல்வெட்டுகள் சொல்லாத செய்திகளை அவை சொல்கின்றன.

தெருவோர உணவுக்கடைகளில் பாத்திரங்களைப் பதித்த மேடைகளைக் காணலாம். வீட்டில் அடுப்பில்லாதோர் பலர் அங்கு உண்டனர். ரொட்டிச் சுடுமனைகளில் எரிமலைக் கல்லால் ஆன திரிகைகள் இன்றும் நிற்கின்றன. அத்தகைய ஒரு மனையின் அடுப்பில், கரியாகிப் போன ரொட்டிகள் 80க்கும் மேல் இருந்தன. அவற்றைச் சுட வைத்தவர் எடுக்க வரவில்லை.

செல்வர் வாழ்வுக்குச் சான்று ‘ஃபான் மாளிகை’. ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர் பரப்புடைய அதன் வாயிற்படியில், வருவோரை வாழ்த்தும் இலத்தீன் சொல் பதிகற்களால் எழுதப்பட்டுள்ளது. பேரரசர் அலெக்சாந்தரின் போரைச் சித்திரிக்கும் புகழ்பெற்ற பதிகல் ஓவியம் கிடைத்ததும் அங்கேதான்.

நகரின் தென்கிழக்கே ‘தப்பியோடியோர் தோட்டம்’ உள்ளது. வெளியேற முயன்று வீழ்ந்த 13 பேரின் உருவங்களை அங்குக் காணலாம். சாம்பல் இறுகிய பின் உடல்கள் சிதைந்து மறைய, உடலின் வடிவில் வெற்றிடம் மட்டும் எஞ்சியது. 1863இல் அகழாய்வுத் தலைவர் ஜூசெப்பே ஃபியொரெல்லி, அவ்வாறான வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி இறுகச் செய்து, இறந்தோரின் கடைசித் தோற்றத்தை மீட்கும் முறையைக் கையாண்டார். அவ்வார்ப்புகளில் முகமும் ஆடையின் மடிப்பும் தெரிகின்றன. அங்கு உரக்கப் பேசுவதும் சிரித்தபடி படம் எடுப்பதும் தகா. அது காட்சிக்கூடமாயினும் இறந்தோரின் இடமே.

அருகில் உள்ள வட்டரங்கைக் கண்டபின், வேறொரு தெரு வழியாகக் கடல்வாயிலுக்குத் திரும்பலாம். அப்போது மணி 2 ஆகியிருக்கும்.

விடுவதும் திட்டமே

வந்தது வந்தோம் என்று, அதே தொடர்வண்டித் தடத்தில் உள்ள ஹெர்குலேனியம் இடிபாடுகளையும் வெசுவியஸ் மலையுச்சியையும் அன்றே பார்த்துவிட எண்ணுவோர் பலர். அவ்வாறு விரைவோர் மூன்று இடங்களிலும் வாயிலையும் வரிசையையுமே நினைவில் கொண்டு திரும்புவர். ஆறு இடங்களை நின்று பார்ப்பது, அறுபது இடங்களைக் கடந்து செல்வதினும் மேல். விடுபட்டவை மற்றொரு நாளுக்கு உரியவை.

மாலையில் அருங்காட்சியகம்

நேப்பிள்ஸ் திரும்பி உணவுக்குப்பின் அருங்காட்சியகம் செல்வோர், காலையில் கண்ட வெற்றுச் சுவர்களுக்கு உரிய வண்ணங்களை அங்குக் காண்பர். ஃபான் மாளிகையின் பதிகல் ஓவியம் அங்கேதான் உள்ளது. பொம்பெயி வீடொன்றில் 1938இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தச் சிற்பமும் அவ்வருங்காட்சியகத்திற்கு உரியது. ஒரு சாண் அளவினும் சற்றே உயரமான அப்பெண்ணுருவம், எரிமலை வெடிப்பதற்கு முன்பே கடல்கடந்து சென்றது. இந்திய மண்ணுக்கும் உரோமுக்கும் இடையே நடந்த வணிகத்தின் அமைதியான சான்று அது.

தெரிந்து தெளிவோம்

எரிமலை வெடிப்பில் உயிர்நீத்த மூத்த பிளினி, ‘இயற்கை வரலாறு’ என்னும் 37 பகுதிகள் கொண்ட நூலின் ஆசிரியர். முசிறித் துறைமுகத்தையும், பாண்டிய மன்னனையும், அவனுடைய தலைநகராகிய மதுரையையும் அந்நூல் குறிப்பிடுகிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணய மதிப்புள்ள செல்வம் இந்தியாவுக்குச் செல்வதாக அவர் வருந்தி எழுதினார். யவனர் வணிகத்தைப் பற்றிய சங்க இலக்கியக் குறிப்புகளோடு இச்செய்தி ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

இரண்டாம் அழிவு

பொம்பெயியைச் சாம்பல் அழித்தது, சாம்பலே காத்தது. காற்றும் மழையும் படாமல் பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேல் உறங்கிய நகரம், வெளிக்கொணரப்பட்ட நாள்முதல் தேயத் தொடங்கியது. வெயிலில் வண்ணம் மங்குகிறது. மழைநீரில் சாந்து கரைகிறது. செடிகளின் வேர் சுவரைப் பிளக்கிறது. 1943இல் போர்க்கால வான்குண்டுகள் பல கட்டடங்களைச் சிதைத்தன. அவ்வாறு சிதைந்து பின்னர் கற்காரையால் புதுப்பிக்கப்பட்ட ‘ஸ்கோலா ஆர்மதுராரும்’ என்னும் வீரர் மன்றம், 2010 நவம்பரில் மழைக்குப்பின் இடிந்து வீழ்ந்தது. உலகமே அதிர்ந்தது. அதன்பின், ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு 10.5 கோடி யூரோ மதிப்பில் பெருஞ்சீரமைப்பு மேற்கொள்ளப்பட்டது.

இயற்கையும் போரும் மட்டுமன்றி, ஆண்டுதோறும் வரும் ஏறத்தாழ 40 லட்சம் பார்வையாளரின் கால்களும் அந்நகரின்மேல் சுமையாகின்றன. ஓவியத்தைத் தொடும் ஒரு விரலால் பெருங்கேடு நேராது என்று தோன்றும். நாள்தோறும் ஆயிரம் விரல்கள் தொட்டால் அவ்வோவியம் நிலைக்காது. நினைவுப்பொருளாகச் சிறு கல்லை எடுத்துச் சென்று, பின்னர் மனம் வருந்தி அஞ்சலில் திருப்பி அனுப்பியோரும் உளர். எடுத்த கல் திரும்பலாம். அது இருந்த இடத்தை எவரும் அறியார். இடம் இழந்த கல் வரலாற்றை இழந்த கல்லாகும்.

எனவே, ஒரு பயணத்திட்டத்தில் நேரத்திற்கும் செலவுக்கும் இடமளிப்பதுபோல, ‘தொடாமை, எடாமை, தடம் விலகாமை’ ஆகிய மூன்றுக்கும் இடமளிக்க வேண்டும். கேள்வியோடு சென்று, குறைவாகக் கண்டு, நிறைவாக அறிந்து திரும்பும் பயணியால் இடிபாட்டிற்குக் கேடு நேர்வதில்லை.

பொம்பெயியின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில் உள்ளது. அதன் பெரும்பகுதியை, இன்றினும் சிறந்த கருவிகளுடன் வரவிருக்கும் தலைமுறைக்காக ஆய்வாளர்கள் அகழாமல் விட்டுவைத்துள்ளனர். அவர்கள் காட்டும் அப்பொறுமையே பார்வையாளருக்கும் வழிகாட்டி. இன்று நாம் கண்ட தெருவும் சுவரும் நாளை வருவோர்க்கும் அவ்வாறே நிற்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொல்லியல் இடம் ஒன்றினைத் தேர்ந்து, ஒரு நாள் பயணத்திட்டம் வகுக்க. ‘எதை அறிய விரும்புகிறோம்?’ என்னும் கேள்வியை முதலில் எழுதுக.

2. ‘அகழாமல் விட்டுவைப்பதும் பாதுகாப்பே’ – இக்கூற்றை வகுப்பில் கலந்துரையாடுக.

3. கீழடி அருங்காட்சியகத்தைக் காணச் செல்லும் மாணவர்கள் பின்பற்ற வேண்டிய நெறிகளைப் பதாகையாக எழுதிக் காட்சிப்படுத்துக.

4. பேரழிவு ஒன்றைத் தொலைவிலிருந்து கண்ட 17 வயது இளைஞர், நண்பருக்கு எழுதுவதாகக் கருதிக் கடிதம் ஒன்று வரைக.