எஞ்சின் சத்தம் காதுக்குப் பழகுமா?

வலைக்கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போவதை மன்னாரில் எந்தக் கரையிலும் பார்க்கலாம். முதலில் கொப்புளம், பிறகு தடிப்பு, அதற்குப் பிறகு கயிறு உரசினாலும் உறைக்காது. காதும் இப்படித்தான் என்று பேசாலை முதல் தலைமன்னார் வரை பலர் நம்புகிறார்கள். பைபர் படகின் பின்பக்கம் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்து பல வருடம் ஓட்டியவர், “சத்தம் பழகிப்போச்சு” என்று சொல்வதில் பொய் இல்லை. பழகியது எது என்பதில்தான் பிழை. ஓயாத இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொண்டது மூளை. அது கவனிக்காமல் விட்டாலும் காதுக்குள் இருக்கும் செல்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. தோல் தேயத் தேயப் புதிதாக வளரும். இந்தச் செல்களோ தாயின் வயிற்றிலேயே எண்ணி வைக்கப்பட்டவை.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட, பட்டாணி அளவேயான எலும்புக் குழல் ஒன்று உண்டு. அதற்குள் திரவம், திரவத்தில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் நுண்மயிர்கள் படிக்கட்டுப் போல உயரவரிசையில் நிற்கின்றன. குட்டை மயிரின் நுனியை அடுத்த நெட்டை மயிரோடு மிக மெல்லிய இழை கட்டியிருக்கிறது. சத்தம் வந்து திரவம் அசைந்தால் மயிர்கள் சாயும், இழை இழுபடும், வாசல் ஒன்று திறந்து பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்புக்குச் செய்தி போகும். சுமார் 3,500 உட்செல்கள் இந்தச் செய்தியை அனுப்ப, சுமார் 12,000 வெளிச்செல்கள் தாமே நீண்டு சுருங்கி மெல்லிய ஓசையைப் பெருக்கிக் கொடுக்கின்றன. பேரோசையில் முதலில் அடிபடுபவை இந்த வெளிச்செல்களே. இழை அறுந்தால் ஓரளவு மீளும். நாள்கணக்கில் மணிக்கணக்காக வேலை வாங்கினால் செல்லுக்குள் நச்சு சேர்ந்து அது செத்துப்போகும். அந்த இடத்தைத் தழும்பு மூடிவிடும்.

கத்தாளை மீனின் தலையை உடைத்தால் வெள்ளைக் கல் வருவது மீன் வெட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அது மீனின் காதுக்கல். அதன் அடியிலும் இதே மயிர்ச்செல்கள்தான் இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், மீனுக்கு அவை செத்தால் மறுபடி முளைக்கும். பறவைக்கும் முளைக்கும் என்பதைக் கோழியிலும் காடையிலும் 1988-இல் கண்டுபிடித்தார்கள். எஞ்சினுக்கு வெருண்டு ஓடும் மீன் மீட்டுக்கொள்வதை, எஞ்சின் ஓட்டும் மனிதன் மீட்க முடிவதில்லை.

‘கரைக்கு வரும்போது காது அடைத்து ஙொய் என்று இரையும், விடிந்தால் சரியாகிவிடும்’ என்பது அடுத்த நம்பிக்கை. விடிந்ததும் கேட்பது உண்மைதான். ஆனால் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் எலிகளில் காட்டியது கலங்க வைக்கிறது: கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் ஏராளமாக அழிந்திருந்தன. அமைதியான அறையில் பரிசோதித்தால் குறை தெரியாமலே போகலாம்.

காது தன்னைக் காத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நடுக்காதில் ஒரு சின்னத் தசை பெரிய சத்தத்துக்கு இறுகுகிறது. ஆனால் திடீர் வெடிக்கு அது பிந்திவிடும். கீச்சென்ற ஒலியைப் பெரிதாகத் தடுக்காது. நீண்ட இரைச்சலில் களைத்துவிடும். ‘ஷெல் அடியையே தாங்கிய காதுக்கு எஞ்சின் எம்மாத்திரம்’ என்ற வாதம் இந்த மண்ணின் துயரத்திலிருந்து வருவது. மதிப்போடுதான் மறுக்க வேண்டும். அருகில் விழுந்த ஷெல் ஒரு நொடியில் கொன்ற செல்கள் போக மீதியைத்தான் எஞ்சின் தின்கிறது. ‘அப்பாவுக்கு எழுபதிலும் கேட்கிறதே’ என்றால், ஆளுக்கு ஆள் தாங்கும் அளவு வேறுபடுவது உண்மை. ஆனாலும் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ஒலிகள். உயிரெழுத்துகள் கேட்கும், ச, த, ப குழம்பும். “கேட்குது, விளங்கேல்லை” என்று ஒருவர் சொல்லத் தொடங்குவது அப்போதுதான்.

எல்லாச் சத்தத்தின் மேலும் இந்தப் பழியைப் போடவும் கூடாது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 முதல் நிற்கும் 30 காற்றாலைகளின் ஓசை, சில நூறு மீட்டர் தள்ளியுள்ள வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கலாம். அந்த முறைப்பாடு தனியாகக் கேட்கப்பட வேண்டியது. மயிர்ச்செல்லைக் கொல்லும் அளவு அதில் இல்லை. எட்டு மணிநேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம். திருவிழா ஸ்பீக்கரின் முன்னால் நிற்கும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

பஞ்சு வைத்தால் போதும் என்பதும் தவறு. அது தடுப்பது சொற்பம். உருட்டிச் செருகினால் காதுக்குள் விரியும் நுரை அடைப்பான்தான் பயன்படும். அதை வைத்தால் எதிரே வரும் படகு கேட்காதே என்ற அச்சம் நியாயமானது. செவி நன்றாக உள்ளவருக்கு அது எஞ்சினையும் எதிர்ப்படகையும் சேர்த்தே தணிப்பதால், ஒன்று மற்றதை முன்னைவிட அதிகமாக மறைக்காது. ஏற்கெனவே செவி மந்தமானவருக்குச் சிக்கல்தான். அவர் எஞ்சின் பிடியை மற்றவரிடம் முறை வைத்துக் கொடுத்துவிட்டு அணியத்துக்குப் போய் இருப்பதே நல்லது.