நகத்தில் கறுப்புக் கோடு: விரலைக் காப்பாற்ற முடியுமா?



"ஆஸ்பத்திரிக்குப் போனா விரல வெட்டிருவாங்க ஐயா" என்று பயந்து, நகத்தில் வந்த கறுப்பை மறைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. கொழுந்தெடுக்கிறவருக்கும் மண்வெட்டி பிடிக்கிறவருக்கும் பெருவிரல் போனால் கையே போன மாதிரி. பயம் நியாயமானது. ஆனபடியால் நகத்தின் அடியில் வரும் மெலனோமா என்னும் புற்றுநோய் பற்றியும், விரலை வெட்டாமல் செய்யும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் நிலை பற்றியும் எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற கறுத்தத் தோல்காரருக்கு நகத்தில் மெல்லிய கோடு இருப்பது சாதாரணம். பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அடிபட்டுக் கட்டிய இரத்தமென்றால் நகம் வளர வளர முன்னுக்கு நகர்ந்து, கைவிரலில் ஏறக்குறைய 6 மாதத்தில் போய்விடும். ஒரே ஒரு விரலில் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், அல்லது நகம் வெடித்து இரத்தம் கசிந்தால் காட்டவேண்டும். கறுப்பு பக்கத்துத் தோலிலும் படர்ந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. இந்தப் படர்வை 1886இல் இங்கிலாந்து வைத்தியர் ஹட்சின்சன் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

முந்தியெல்லாம் இந்நோய்க்கு விரலை மூட்டோடு எடுப்பதுதான் வழக்கம். இப்போது நோய் தோலின் மேற்படையில் மட்டும் நிற்கும்போது பிடிபட்டால், நகத்தையும் அதன் வேரையும் அடிச்சதையையும் எலும்பு வரைக்கும் எடுத்துவிட்டு, வேறு இடத்துத் தோலை வைத்து ஒட்டுகிறார்கள். விரல் நிற்கும், மூட்டு மடங்கும். இரண்டு விதமாகவும் சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், ஆரம்ப நிலையில் விரலை எடுத்ததால் ஆயுள் கூடியதாகக் காணவில்லை.

குறைகளும் உண்டு. நகம் திரும்ப வராது. ஊசி, சில்லறைக் காசு பொறுக்குவது கஷ்டம். குளிருக்கு நோகும், தட்டுப்பட்டால் கூசும். சிலருக்கு ஓரத்தில் நகத்துண்டு முளைக்கும். அதையும் எடுக்கவேண்டி வரும். வருடங்கள் கழித்தும் நோய் அதே இடத்தில் திரும்பலாம் என்பதால், 'சுகந்தானே' என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது.

ஆட்டோவிலும் டீசேட்டிலும் பொப் மார்லியின் படத்தைக் காண்கிறோம் அல்லவா? அவருக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் இதே நோய்தான் கண்டார்கள். விரலை எடுக்க அவர் உடன்படவில்லை. நகத்தை எடுத்துத் தோல் ஒட்டினார்கள். நோய் உடம்பில் பரவி 1981 மே 11இல், 36 வயதில் காலமானார். இதைக் கேட்டு விரலைக் காக்கும் சிகிச்சையே பிழை என்று எண்ணவேண்டாம். நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதே கணக்கு. அதைச் சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் அறியலாம். ஆழம் போயிருந்தால் விரல் நுனியை எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லலாம். அப்போது அடம்பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

நெளுக்குளம் ஆட்கள் முதலில் வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டலாம். தேவையென்றால் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ துண்டு தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. போகும்போது அந்த நகத்தில் மருதோன்றியோ கியூடெக்ஸோ பூசாதீர்கள், கோடு தெரியாமல் போய்விடும்.