எங்கள் ஊருக்கு ஓர் ஆற்றுப்படை

எட்டாம் வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்கு ‘நான் பார்த்து மகிழ்ந்த அழகிய இடம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பத்தொரு கட்டுரைகள் வந்தன. பதினெட்டில் ஊட்டி, ஏழில் காஷ்மீர், மீதி ஆறில் கொடைக்கானலும் தாஜ்மகாலும். ஊட்டிக் கட்டுரை ஒவ்வொன்றும் ‘மலைகளின் அரசி’ என்றே தொடங்கியது. “ஊட்டிக்குப் போனவங்க கை தூக்குங்க” என்றேன். ஒரு கைகூட எழவில்லை. “அப்புறம் எப்படி எழுதினீங்க?” “நோட்ஸ்ல இருந்துச்சு டீச்சர்.”

தவறு பிள்ளைகளிடம் இல்லை. பார்த்த இடம் என்று கேட்டால் சுற்றுலாப் படத்தில் வரும் இடத்தைத்தான் எழுத வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். “நம்ம ஊரைப் பற்றி ஏன் யாரும் எழுதல?” என்று கேட்டேன். முன்பெஞ்சு மாணவி ஒருத்தி சட்டென்று சொன்னாள்: “இங்க பாக்க என்ன டீச்சர் இருக்கு?” அவள் வீட்டுக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கும் நடந்து போகும் தூரம்தான். வார இறுதியில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார் வைத்துக்கொண்டு வந்து படம் எடுத்துப் போகிறார்கள்.

அன்று இரவு சிறுபாணாற்றுப்படையை எடுத்து வைத்துக்கொண்டேன். தமிழாசிரியர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றப் பாட ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்று; 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடப்பாக்கம் இருப்பது இன்றும் இடைக்கழிநாடு பேரூராட்சியில்தான். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு என்று ஊர்ப் பெயரிலேயே நிலப்படம் இருக்கிறது.

ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு பாணனிடம் ‘இந்த வழியாகப் போ’ என்கிறான். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியில் முதலில் கடற்கரை எயிற்பட்டினம், பிறகு முல்லை நிலத்து வேலூர், அடுத்து மருத நிலத்து ஆமூர். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். அரசனின் ஊரான கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. ஒவ்வோர் ஊரிலும் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதையும் புலவர் விடவில்லை. கடற்கரையில் சுட்ட மீன், முல்லையில் புளிச்சோறு, மருதத்தில் வெண்சோற்றோடு நண்டு. எந்தச் சுற்றுலாக் கையேடும் இதற்குமேல் செய்வதில்லை.

எனக்கு உறைத்தது வேறு. போய் வந்தவன்தான் ஆற்றுப்படுத்த முடியும். போகாதவன் எழுதினால் அது நோட்ஸ்.

தலைமையாசிரியரிடம் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், உடன் வர கணித ஆசிரியரும் இரண்டு பெற்றோரும். செலவு என்று பார்த்தால் குடிநீரும் கடலை மிட்டாயும்தான். பணம் கட்டும் சுற்றுலாவில் எனக்கொரு உறுத்தல் உண்டு. முன்பு வேலை பார்த்த பள்ளியில் பேருந்து புறப்படும் காலையில், பணம் கட்ட முடியாத நான்கு பிள்ளைகள் சீருடையோடு வகுப்பறைச் சன்னலில் நின்று கையசைத்தார்கள். பெயர் எழுதி வசூலித்தவள் நான். நடைப்பயணத்தில் யாரும் விடுபடவில்லை.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஒன்பது மணிக்குமேல் அங்கே நிழல் கிடையாது. போகும் முன் பிள்ளைகளுக்குச் சொன்னது கொஞ்சம்தான். கோட்டை முகலாயர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. பின்னர் ஆற்காட்டு நவாப் ஆட்சியில் இருந்தது. 1750-இல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். இங்கே நாணயச்சாலையும் படகுத்துறையும் இருந்தன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஆலம்பரையின் பெயர் வருகிறது. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

அதே பிள்ளைகள் மதில் அருகில் போனதும் மாறிப்போனார்கள். இடிந்த சுவரில் செங்கல்லின் கனத்தைச் சாணால் அளந்தார்கள். “நம்ம வீட்டுச் செங்கலவிட இது மெலிசு டீச்சர்” என்று கண்டுபிடித்தவன் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவரின் மகன். கணித ஆசிரியர் நிழலை வைத்து மதிலின் உயரம் காணச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் மூன்று நாளாகப் புரியாத வடிவொத்த முக்கோணம் அரை மணி நேரத்தில் புரிந்தது. மேடேறிக் கிழக்கே பார்த்தால் முதலில் கழி, அதற்கப்பால் மணல்திட்டு, பிறகு கடல். “இடைக்கழிநாடு எங்கே இருக்கு, காட்டுங்க” என்றேன். காட்டினார்கள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேசவைத்தேன். பிள்ளைகள் “தாத்தா” என்று சூழ்ந்துகொண்டார்கள். முகத்துவாரம் எப்போது தூர்ந்துபோகும், மழைக்குப் பின் எப்படித் திறந்துகொள்ளும், திறந்தால் கழிக்குள் என்ன மீன் ஏறும், வாடைக் காற்றில் கடல் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். 2004 சுனாமியைப் பற்றிக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதை இன்னொரு நாள் சொல்றேன் கண்ணு” என்றார். நானும் மேலே கேட்கவிடவில்லை.

ஒரு சங்கடமும் நடந்தது. சுவரெங்கும் பெயர்கள் கீறியிருந்தன. அவற்றை எண்ணச் சொன்னேன். அறுபத்திரண்டு வரை போயிற்று. ஒரு பையன் மட்டும் ஓரிடத்தில் முதுகை வைத்து மறைத்துக்கொண்டு நின்றான். அவன் அண்ணன் பெயர். நான் பார்த்தும் பாராததுபோல் நகர்ந்துவிட்டேன். சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த வாரம் அவன் எழுதியதில் ‘சுவரில் எழுதாமல் வாருங்கள், நாங்கள் எழுதியதே போதும்’ என்று ஒரு வரி இருந்தது.

நாங்கள் கழியில் இறங்கவில்லை, படகிலும் ஏறவில்லை. உயிர்காப்பு உடை இல்லாமல் யார் அழைத்தாலும் ஏற்ற வேண்டாம். அங்கே கடைகளை நம்ப முடியாது. தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

திரும்பி வந்து ஒவ்வொருவரும் ஓர் ஆற்றுப்படை எழுத வேண்டும் என்பது பணி. உரைநடை போதும். கடல் பார்க்காத ஊர்ப் பிள்ளை ஒருவர் எதிரே நிற்பதாக எண்ணி, முன்னிலையில் எழுத வேண்டும். வழி, வழியில் கிடைக்கும் சாப்பாடு, பார்க்க வேண்டியது, பயப்பட வேண்டியது நான்கும் வர வேண்டும். ‘அழகிய’, ‘இயற்கை எழில்’ என்ற சொற்களுக்கு மட்டும் தடை. தடை வந்ததும் ‘கழியில் தண்ணீர் காலையில் கஞ்சி நிறம்’, ‘கோட்டைச் சுவரில் காது வைத்தால் காற்று கேட்கும்’ என்றெல்லாம் வந்தன. முன்பெஞ்சு மாணவி எழுதியது இரண்டு பக்கம். ‘பசித்தால் எங்கள் வீட்டுக்கு வா, அம்மா நண்டுக் குழம்பு வைப்பார்’ என்று முடித்திருந்தாள். நத்தத்தனாரை அவள் படித்ததில்லை.

சில பிள்ளைகள் வழியை நீட்டிவிட்டார்கள். வடக்கே மாமல்லபுரம் வரை போகலாம் என்று ஒருவன். அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தொல்லியல் துறையின் கட்டணம் உள்ள இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம்; பள்ளி அடையாள அட்டை இருக்கட்டும். அர்ச்சுனன் தபசு முன் நின்று நீளமாக விளக்காதீர்கள். ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனை எங்கே, அதைச் சுற்றி எலிகள் எத்தனை, பின்னங்காலால் முகம் சொறியும் மான் எங்கே என்று தேடவிடுங்கள். வேடந்தாங்கல் போவதானால் டிசம்பர், ஜனவரியில் அதிகாலை. பறவைகளைக் காக்க அவ்வூர் மக்கள் 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்து வாங்கியவர்கள் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் ஏரிக்கரையில் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

எழுதியவற்றில் பத்தைத் தேர்ந்து, மேற்கு மாவட்டம் ஒன்றில் பணிபுரியும் தோழியின் வகுப்புக்கு அஞ்சலில் அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர் மலையடிவாரத்துக்கு எழுதிய ஆற்றுப்படைகளோடு, எங்களிடம் கேட்ட கேள்விகளும் ஒரு தாளில் இருந்தன. நண்டுக் குழம்பு உண்மையா என்பது முதல் கேள்வி. இரண்டாவது ஒரு மாணவி கேட்டது: கோட்டைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா?

எங்கள் முப்பத்தொருவரில் ஒருவரும் அதை எழுதவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்போது இரண்டாம் படி எழுதிக்கொண்டிருக்கிறோம். பேரூராட்சிக்கு ஒரு விண்ணப்பமும் அதோடு சேர்ந்து தயாராகிறது.