விடிய விடியக் கூத்து பார்க்க ஒரு வார வகுப்பு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரின் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவு பத்து மணிக்குமேல் கூத்து தொடங்கி விடியும்வரை நடக்கும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ‘நிகழ்கலை’ பாடத்திலும் தெருக்கூத்து இருக்கிறது. அதைப் படித்து மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளில் பலர், சொந்த ஊரில் கூத்து நடக்கும்போது பதினொரு மணிக்கே எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டால், “ஒண்ணும் புரியல டீச்சர், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க” என்பார்கள்.

நீளம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஜெர்மனியில் பைராய்ட் என்ற ஊரில் வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’ என்னும் புராண இசைநாடகம் 1876-இல் முழுமையாக அரங்கேறியது. நான்கு மாலைகள், ஏறத்தாழ 15 மணி நேரம். இன்றும் அதைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் கதையைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்த முன்தயாரிப்பு வேண்டும்.

பங்குனி, சித்திரையில் தேர்வு குறுக்கிடும் என்பதால் ஆனி மாதக் கூத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ‘கர்ண மோட்சம்’, வெள்ளி இரவு. நாள் குறிக்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொண்டேன்: வகுப்பின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும். நம் பக்கத்தில் இது தானாக நடந்துவிடும் என்று இருந்துவிட முடியாது. தலைமையாசிரியர் வழியாக ஊர்ப் பெரியவர்களிடம் பேசினோம்.

முதல் நாள் குந்தியில் தொடங்கிக் கர்ணன் வரை உறவுமுறையைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து நாளும் அழிக்காமல் விட்டேன். அதற்கு மேல் கதை சொல்லவில்லை. மறுநாள் ஒரு போர்வை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பின்னால் நின்று ஒரு மாணவி தான் யார் என்று பாடியபடி பாதி முகம் காட்டி மறைந்தாள். கூத்தில் முக்கிய வேடங்கள் இப்படித்தான் திரைக்குப் பின்னிருந்து வருகின்றன. வெளிவந்ததும் கட்டியக்காரன் பெயரும் ஊரும் விசாரிப்பான். குழம்பினால் அவனைக் கவனியுங்கள் என்றேன். நாம் கேட்க நினைப்பதை அவன் நம் பேச்சிலேயே கேட்டுவிடுவான்.

“சொன்னதையே சொல்றாங்க” என்பதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. ஒரே செய்தி முதலில் தாளமில்லாத விருத்தமாக வரும். பிறகு தாளத்தோடு பாட்டாக வரும். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். கடைசியில் வசனமாகவும் வரும். விருத்தத்தில் விட்டதை வசனத்தில் பிடித்துக்கொள்ளலாம். “அவன் வீட்டுக்குப் போனான்” என்ற ஒரு வரியை மூன்று விதமாகவும் சொல்லிப் பார்த்தோம். வகுப்பே சிரித்தது, ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

முகவீணை எப்படி இருக்கும் என்று கேட்டபோது, யாரும் எதிர்பாராமல் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா வேடம் கட்டுகிறவர். பருவ நாள்களில் அப்பாவோடு போய்வந்து வகுப்பில் தூங்குவான். அதனால் ஆசிரியர் அறையில் அவனுக்கு வேறொரு பெயர் இருந்தது. அன்று அவன் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கட்டும் முறையை வரைந்து காட்டினான். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்று முகவண்ணமும் சொன்னான். அந்தப் பாடவேளை முழுவதும் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், மாணவியருடன் அம்மாவோ பாட்டியோ, பாய், போர்வை, தண்ணீர். மதியம் தூங்கிவிட்டு வரச் சொன்னேன். களரி கட்டும் மேள ஓசையில் எல்லோரும் விழித்திருந்தார்கள். நடுவில் தூங்கியவர்களை யாரும் எழுப்பவில்லை. பொன்னுருவி வரும்போது மட்டும் எழுப்பினோம். தேரோட்டி மகன் என்று கர்ணனை இகழும் மனைவி அவள். போருக்குப் புறப்படுபவன் அவளிடம் விடைபெற வரும் இந்தக் கட்டத்துக்காகவே ஒரு வாரம் உழைக்கலாம். விடியற்காலையில் அடிபட்டுக் கிடக்கும் கர்ணனிடம் கிருஷ்ணன் அந்தணராக வந்து புண்ணியத்தை யாசித்தபோது, முப்பத்தொரு பேரில் இருபது பேராவது விழித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ஆளுக்கொரு கேள்வி எழுதித் தரச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “கர்ணன் ராஜ குலம்னு கடைசியில தெரியுது, எல்லாரும் அழறாங்க. நிஜமாவே தேரோட்டி மகனா இருந்திருந்தா அழுதிருப்பாங்களா?” அந்த வாரத் தமிழ்ப் பாடவேளைகள் இரண்டு அதிலேயே போயின.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இரவுக் கூத்துக்குப் பதில் பதினெட்டாம் போர் நாளின் படுகளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது பகலில் நடப்பது. களிமண்ணில் மிகப் பெரிதாகப் படுத்திருக்கும் துரியோதனனைப் பார்க்க நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலுக்காது. வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.